இளைச்சவனுக்கு எள்ளு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்தால் 'நல்லா இருக்கீங்களா?' என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "என்னண்ணே, இளைச்சுட்டீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. சட்டைக் காலரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வோம். "வெயில் ஜாஸ்தி", "அலைச்சல்ப்பா" என்று எதையாவது சொல்லி நகர்வோம். கேட்டவர் மனசில் ஓடுவது வேறு. சுகர் வந்திருக்குமோ? கடன் ஏறிவிட்டதோ? மருமகள் வந்தபிறகு வீட்டில் சாப்பாடு சரியில்லையோ? தொண்ணூறுகளில் இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், 'அந்த வியாதி' என்பார்கள். லாரி ஓட்டுகிறவர் இரண்டு கிலோ குறைந்தால் தெருவே டாக்டராகிவிடும்.

அடுத்தவர் உடம்பைப் பார்த்து 'ஒல்லி' என்று தீர்ப்பு எழுத நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நாகரிகம் தெரிந்தவர்கள், 'உரிமையே கிடையாது' என்பார்கள். காலேஜில் படிக்கிற பிள்ளைகள் 'பாடி ஷேமிங்' என்று இரண்டே வார்த்தையில் பெரியம்மாக்களின் வாயை அடைத்துவிடுகிறார்கள். பெரியம்மாக்களுக்கு அது வேண்டியதுதான். ஆனாலும் விஷயம் அவ்வளவு லேசாக முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லாததால் கண்ணெதிரே கரைந்துபோனவர்களும் நம் ஊரில் உண்டு.

முதலில் நம் மொழியைப் பாருங்கள், அது ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சல் வந்து படுத்தவன் எழுந்து நடமாடினால் 'தேறிட்டான்' என்கிறோம். பரீட்சையில் பாஸானாலும் 'தேறிட்டான்'தான். சதை போடுவதும் பாஸாவதும் நமக்கு ஒன்று. எதிர்ப்பக்கம், சண்டைக்கு வருகிறவனிடம் 'நான் என்ன இளைச்சவனா?' என்று கேட்கிறோம். இளைத்தவன் என்றால் மெலிந்தவன், அதோடு தோற்கப்போகிறவன். 'நோஞ்சான்', 'ஒட்டடைக்குச்சி', 'ஒல்லிப்பிச்சான்' என்று ஒல்லிக்கு எத்தனை பட்டப்பெயர்! கொஞ்சம் குண்டாக இருந்தால் மட்டும் 'பூசினாப்ல இருக்கா' என்று சந்தனம் மாதிரி ஒரு வார்த்தை. பஞ்சம் பார்த்த ஊரின் மொழி வேறு எப்படி இருக்கும்? சோறு கண்ட உடம்பு என்பதே ஒரு காலத்தில் சொத்துக் கணக்கு.

ஆனால் அதே மொழியில் ஒரு பழமொழியும் இருக்கிறது. 'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு.' திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளுக்கு எள்ளும் தெரியும், கொள்ளும் தெரியும். இந்தப் பழமொழியில் எனக்குப் பிடித்தது அதன் வைத்தியம் அல்ல. 'நீ இளைச்சவன்' என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்குப் போய்விடவில்லை. கையில் எள்ளைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. இதற்குப் பிறகு வருவோம்.

கண்ணை நம்பாதே, கணக்கை நம்பு என்று சொல்கிறவர்கள் பி.எம்.ஐ. என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 18.5-க்குக் கீழே வந்தால் ஒல்லி. 25-ஐத் தாண்டினால் பருமன். இந்தியர்களைப் போன்ற ஆசியர்களுக்கு 23-லேயே மணி அடித்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டு வானியல் அறிஞர், 1830-களில், 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று புள்ளிவிவரத்தில் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்த சூத்திரம் இது. அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் 1972-ல் இதற்கு இப்போதைய பெயரை வைத்தார். கூட்டத்தை அளக்கச் செய்தது, அப்புறம் தனி ஆள் கழுத்தில் மாட்டப்பட்டது.

கழுத்தில் மாட்டினால் என்ன ஆகும்? ஐந்தே கால் அடி உயரம், அதாவது 160 சென்டிமீட்டர் இருக்கிற ஒருவர் 47 கிலோ என்றால் பி.எம்.ஐ. 18.4. ஒல்லி. அவர் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறி நின்றால் 48 கிலோ, 18.75. ஆரோக்கியம்! பாத்ரூம் போய்விட்டு வந்தால் மறுபடி ஒல்லி.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், நம்ம ஊர்க்காரருக்கு 21.2 சதவிகிதம். வெளியே ஒல்லி, உள்ளே பருமன் என்பது இந்திய உடம்பின் பழைய கதை. ஒல்லியாக இருக்கிறவர் 'எனக்கு ஏது சுகர்?' என்று மீசையை முறுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

காந்தி கதையும் இதில் உண்டு. அவருடைய உடல்நலப் பதிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ் 2019-ல் வெளியிட்டது. ஐந்தடி ஐந்தங்குலம், 46.7 கிலோ, பி.எம்.ஐ. 17.1. இன்றைய அட்டவணைப்படி 'எடை குறைவு'. எவ்வளவு நடந்தவர், எத்தனை தடவை சிறைக்குப் போனவர் என்பதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் இல்லை. அதே ஆசாமிக்கு 1940-ல் ரத்த அழுத்தம் 220/110 வரை போயிருக்கிறது. ஆக, மெலிந்த உடம்பு நோயாளி உடம்பும் இல்லை, நோயில்லாத உடம்பும் இல்லை. 1946-ல் அவர் மதுரைக்கும் பழனிக்கும் வந்தபோது பார்க்கத் திரண்ட ஜனங்களில் ஒருத்தராவது 'என்ன இப்படி இளைச்சுட்டார்' என்று சொல்லாமல் இருந்திருப்பார்களா? அதில் இருந்தது பக்தி, தீர்ப்பு இல்லை. காரைக்கால் அம்மையாரின் பேயுருவத்தை வெண்கலத்தில் வார்த்துக் கும்பிடுகிற ஊர் இது. தானாகத் தேர்ந்தெடுத்த மெலிவு, பசியால் வந்த மெலிவு, நோயால் வந்த மெலிவு, பிறவியிலேயே அமைந்த மெலிவு என்று நாலு இருக்கிறது. பார்க்கிற கண்ணுக்கு நாலும் ஒரே விலா எலும்புதான்.

சரி, கண்ணும் சரியில்லை, கணக்கும் சரியில்லை என்றால் ஒல்லியை எப்படித்தான் தீர்மானிப்பது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில்களில் ஒன்று இந்த வட்டாரத்திலேயே கிடைத்தது. அதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

1980. திண்டுக்கல் அப்போது தனி மாவட்டம் இல்லை. மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-ல்தான் பிரிந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' என்று ஒன்றை அரசு தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது மதுரை மாவட்டத்தை. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982-ல் வந்து எல்லோர் நினைவிலும் நிற்பதால் இதைப் பலரும் மறந்துவிட்டோம். சத்துணவின் கொள்கை எளிமையானது, மேன்மையானது: வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சோறு. இந்தத் திட்டத்தின் கொள்கை கொஞ்சம் விசித்திரமானது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எல்லோரையும் மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பது, அட்டையில் புள்ளி வைப்பது, புள்ளிகளைக் கோடாக இழுப்பது. சோறு எல்லோருக்கும் இல்லை. கோடு தடுமாறுகிற குழந்தைக்கு மட்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மிக மோசமாக மெலிந்திருந்த குழந்தைகளுக்கு உடனே உணவு கொடுத்தார்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றக் குழந்தைகளிடம் 'நீ எத்தனை கிலோ?' என்று அவர்கள் கேட்கவில்லை, 'போன தடவையைவிட ஏறினாயா?' என்று கேட்டார்கள். பிறவியிலேயே சின்ன உடம்பு, ஆனால் கோடு மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால் சரி, வீட்டுக்குப் போ. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறாய், ஆனால் கோடு படுத்துவிட்டது என்றால் நில், உனக்கு உருண்டை உண்டு. சத்துமாவில் வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டை; உள்ளூர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தயாரித்தது. தொண்ணூறு நாள் கொடுப்பார்கள். எடை போதுமான அளவு ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

வரிசையில் நிற்கும் தாயின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். "என் புள்ள எலும்பும் தோலுமா நிக்குது, அதுக்கு இல்லையாம். அவ புள்ள பூசணிக்காய் மாதிரி இருக்கு, அதுக்கு உருண்டையாம்!" எந்தத் தாயும் இப்படிக் கேட்பாள், கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். அதற்கு முன்னால் இன்னொரு தடை. பிள்ளையைத் தராசில் போடுவதா? எடை போட்டால் கண்பட்டுவிடாதா? விறகும் வாழைக்காயும் ஏறுகிற தராசில் யாராவது பிள்ளையைத் தூக்கிவைப்பார்களா?

இதையெல்லாம் சமாளிக்க வேண்டியவர் ஊட்டச்சத்துப் பணியாளர். அந்த வேலைக்கு ஆள் எடுத்த முறைதான் எனக்குத் திட்டத்திலேயே மிகவும் பிடித்தது. அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தாலும் தன் பிள்ளைகளை நல்ல ஆரோக்கியமாக வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. சர்டிபிகேட்டைவிடப் பெரிய சாட்சி, அவர் இடுப்பில் இருக்கிற குழந்தை. 'உன் பிள்ளைக்குப் போதவில்லை' என்று இன்னொரு தாயிடம் சொல்கிற வாய் அதுவாக இருந்தால் வார்த்தை உறைக்கும், ஆனால் சுடாது. திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்ததாகப் பிறகு வந்த மதிப்பீடுகள் சொல்லின. தொண்ணூறுகளில் இரண்டாம் கட்டமும் நடந்தது, அப்புறம் அங்கன்வாடியோடு கலந்துவிட்டது.

இந்தத் திட்டம் பச்சைக் குழந்தைகளுக்குப் போட்டது. ஆனால் அதற்குள் பெரியவர்களுக்கான ஒரு நியாயமும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஒல்லி என்பது ஓர் இடம் இல்லை, ஒரு திசை. ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது முக்கியமில்லை. எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார் என்பதுதான் முக்கியம். அப்படியென்றால் ஒருவரை ஒரே ஒரு தடவை பார்த்தவருக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. அவர் கையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது.

பெண் பார்க்க வருகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். ஒரு தட்டு கேசரி, ஒரு தட்டு பஜ்ஜி, ஒரு டம்ளர் காபி. அது ஆறுவதற்குள், "பொண்ணு குணமெல்லாம் சரி, கொஞ்சம் வத்தலா இருக்கே" என்று சொல்லியனுப்புகிறார்கள். இருபத்துநாலு வருஷமாக அந்தப் பெண் அப்படித்தான் இருக்கிறாள், ஜலதோஷம்கூட அதிகம் வந்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. அவர்கள் பார்க்க வந்தது உடம்பை, உடல்நலத்தை இல்லை. அப்புறம் ஆறு மாதம் அந்த வீட்டில் பேரீச்சம்பழமும் நெய்யும் நேந்திரம்பழமுமாக ஒரு கொடுமை நடக்கும்.

சரி, தினமும் பார்க்கிறவர்தான் சிறந்த நீதிபதியா? அதுவும் இல்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது தெரியாது. கூடவே இருக்கிற மனைவிக்குத் தெரியாதது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருகிற தாய்மாமனுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். "என்னக்கா, மச்சான் பாதி ஆளாயிட்டாரு?" என்று அவர் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு உறைக்கும். மாதம் ஒரு முறை தராசில் போட்டதும் அதற்குத்தான். அரசாங்கம் அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் வேலை பார்த்திருக்கிறது.

சம்பந்தப்பட்டவரே தன்னைத்தான் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாமா? அதற்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பி.எம்.ஐ.க்குப் பெயர் வைத்த அதே ஆன்செல் கீஸ், இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எடையில் கால்வாசி போயிற்று. கனவிலும் சாப்பாடு. சமையல் புத்தகங்களை வேதம் மாதிரிப் படித்தார்கள். ஆனால் அவர்களில் சிலருக்குத் தாங்கள் மெலிந்திருப்பதாகவே தோன்றவில்லையாம். மற்றவர்களெல்லாம் குண்டாகத் தெரிந்தார்களாம். உடம்பு இளைக்கும்போது அதை அளக்கும் கண்ணும் கூடவே இளைக்கிறது. அதனால்தான் இன்னொரு ஆள் தேவைப்படுகிறது. 'என் உடம்பு, உனக்கென்ன?' என்பது நியாயமான கோபம்தான். ஆனால் அது எல்லா நேரமும் நம்மைக் காப்பாற்றாது.

அந்த இன்னொரு ஆளே இல்லாமல் செய்துவிட்ட ஓர் ஏற்பாடும் இதே பகுதியில் இருந்தது. திண்டுக்கல், வேடசந்தூர் சுற்றுவட்டார நூற்பாலைகள் பலவற்றுக்கு, கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்ற பேச்சில், கல்யாணமாகாத ஏழைப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிவந்தார்கள். பேர் மட்டும் மங்களகரமாக, 'சுமங்கலித் திட்டம்.' விடுதியிலேயே தங்க வேண்டும், நினைத்தபோது வெளியே போக முடியாது, வீட்டார் வந்து பார்ப்பதற்கும் கட்டுப்பாடு என்று பல ஆலைகளைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. பத்திரிகைகளிலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்டன. ரத்தசோகை, முறையில்லாத மாதவிடாய், பஞ்சுத் தூசி இருமல் எல்லாம் அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தன. என்னை உறுத்துவது ஒன்றுதான். பதினாறு, பதினேழு வயதுப் பெண், ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவள், பக்கத்துப் படுக்கையில் இருப்பவளும் அவளைப் போலவே இளைத்துக்கொண்டிருப்பவள். 'என்னடி இப்படி ஆயிட்ட?' என்று கேட்க அங்கே யார் இருந்திருப்பார்கள்? பொங்கல் லீவுக்குப் போய் வாசலில் நின்றால்தான் அம்மா வாயில் கை வைப்பாள். நாம் தொந்தரவு என்று நினைக்கிற அந்தக் கேள்வி கிடைக்காதவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும்.

மறுபடி எள்ளுக்கு வருகிறேன். சொல்கிற உரிமை யாருக்கு என்பதோடு, சொன்னபிறகு என்ன செய்கிறோம் என்பதும் இருக்கிறது. பணியாளர் சொன்னார், கூடவே உருண்டை கொடுத்தார். பழமொழி சொல்லிற்று, எள்ளைக் கொடுத்தது. தாய்மாமன் சொன்னால், மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போகிற பொறுப்பும் பாதி அவர் தலையில் விழுகிறது. பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போகிறவர் என்ன கொடுத்தார்? ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போனார். சீரக சம்பா பிரியாணிக்குப் பேர் போன ஊரில், அட்லீஸ்ட் ஒரு அரை பிளேட்டாவது வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

எல்லாச் சமயத்திலும் சோறே மருந்து என்றும் நினைத்துவிடக் கூடாது. 1956-ல் சென்னையில் காசநோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மீதிப் பேர் நெரிசலான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டு. இரண்டு பக்கமும் ஒரே மாத்திரைகள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சதை அதிகம் போட்டது உண்மை. ஆனால் நோய் குணமானது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வீட்டிலிருந்தே காசநோய்க்கு மருந்து சாப்பிடலாம் என்று உலகம் ஒப்புக்கொள்ள இதுவும் ஒரு காரணம். பூசினாற்போல ஆனவரெல்லாம் தேறியவர் இல்லை, தேறியவரெல்லாம் பூசினாற்போல ஆவதும் இல்லை.

அதே காசநோயில் எடை உயிர்ப்பிரச்னையாகிற இடமும் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. நோயாளி வந்தவுடன் சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். மூச்சு எப்படி இருக்கிறது, துணையில்லாமல் நிற்க முடிகிறதா, அப்புறம் பி.எம்.ஐ. அது 14 அல்லது அதற்கும் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு. ஐந்தே கால் அடி ஆள் 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம். மேலே தண்ணீர் குடித்து ஒல்லியை ஆரோக்கியமாக்கிய அதே சூத்திரம்தான். 18.4-க்கும் 18.75-க்கும் நடுவே அது கேலிக்கூத்து. 14-ல் அது பேசினால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பருமன், பதின்மூன்று பேர் ஒல்லி. நாற்பது பேருக்காக ஜிம், வாக்கிங், சிறுதானியம் என்று ஊரே பேசுகிறது. பதின்மூன்று பேரில் யார் பிறவி ஒல்லி, யார் கரைந்துகொண்டிருப்பவர் என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அரசு ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். எடை பார்க்கிற நர்ஸ், ஏறி நின்றவரிடம் கேட்பார்: "போன மாசம் எவ்வளவு இருந்தீங்க?" அவருக்குத் தெரியாது. வாழ்நாளில் தராசில் ஏறியதே அன்றைக்குத்தானோ என்னவோ. பின்னாலிருந்து, மஞ்சப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்கிற அவர் மனைவி சொல்வார்: "கிலோவெல்லாம் தெரியாதும்மா. சித்திரைல பெல்ட்டை மூணாவது ஓட்டையில மாட்டுவாரு. இப்ப ஆணி வச்சுப் புதுசா ஓட்டை போட்டிருக்காரு."